பலவீனம் அடுத்த ஞாயிறு

புதிதாக ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார வந்திருக்கும் உங்களுக்கு இயந்திரங்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. என் காலத்து இயந்திரங்களை நீங்கள் வந்த கையோடு தூக்கி எறிந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நல்ல காரியம். அவற்றில் பாதி வேலை செய்யவில்லை. மீதிப் பாதி எப்போது வேலை செய்யும் என்று யாருக்கும் தெரியாது. என்னிடம் மிச்சம் இருப்பது, வாயைத் திறப்பதற்கு முன் என்ன யோசிக்க வேண்டும் என்பது மட்டும்தான். அதையும் ஒரே கதையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறேன். ஓய்வு பெற்ற பிறகும் நிலையத்துக்கு வந்து அறிவுரை சொல்லும் ஆள் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் வந்தால், ஜெர்மனியில் இருக்கும் நம் வானொலியில் 'நிறுவை' என்று ஒரு நிகழ்ச்சி வரும் என்பது உங்களுக்குத் தெரியும். முன்னணியில் நிற்கும் மூன்று வேட்பாளர்களை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒருவர் என்று மூன்று அறிவிப்பாளர்கள் அவர்களுடைய பலத்தையும் பலவீனத்தையும் சொல்வார்கள். முதல் அரைமணி பலம். நடுவில் செய்தி. அடுத்த அரைமணி பலவீனம். அதற்குப் பிறகு நேயர்களின் அழைப்பு. அந்த நிகழ்ச்சிக்கு நான்தான் பொறுப்பாக இருந்தேன்.

நம்மைக் கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அங்கே வாக்கு இல்லை. ஜெர்மன் கடவுச்சீட்டு எடுத்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இங்கே தேர்தல் வந்தால் நகரசபையிலிருந்து வீட்டுக்கே அறிவித்தல் வரும். அது மின்சாரக் கட்டணக் கடிதத்துக்குக் கீழே கிடந்து காலாவதியாகும். ஆனால் அங்கே தேர்தல் என்றால் எல்லாரும் உசாராகிவிடுவார்கள். உணவகத்துச் சமையலறையிலும், துப்புரவு வேலைக்குப் போகும் பேருந்திலும், முதியோர் இல்லத்து உடைமாற்றும் அறையிலும் வேட்பாளர்கள் அலசப்படுவார்கள். பிறகு ஊருக்குத் தொலைபேசி எடுத்து, தம்பி தங்கச்சி மச்சான் எல்லாருக்கும் யாருக்குப் போட வேண்டும் என்று சொல்வார்கள். அங்கே இருப்பவர்கள் "ஓம் அண்ணை, நீங்கள் சொன்ன மாதிரியே" என்று சொல்லிவிட்டு, தங்களுக்குப் பிடித்த ஆளுக்குப் போடுவார்கள். இப்படியாக இரண்டு பக்கமும் திருப்தியாக இருந்து வருகிறது.

நிகழ்ச்சிக்கு ஒரு விதி இருந்தது. எனக்கு முன் பொறுப்பாக இருந்த அம்மையார் வைத்த விதி. எந்த வேட்பாளரைப் பற்றி யார் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும். வந்த சீட்டு வந்ததுதான். வேண்டாமென்றால் ஒருமுறை திருப்பிப் போடலாம். பேசும்போது 'நான் நினைக்கிறேன்' என்று சொல்லக் கூடாது, தெரிந்ததை மட்டும் சொல்ல வேண்டும். சீட்டுக் குலுக்கும் விசயம் நேயர்களுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் பட்டிமன்றம் கேட்பதுபோலக் கேட்டு, நல்லாய்ப் பேசியவருக்குக் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வேட்பாளரைப் பற்றி ஒன்றும் மனதில் நிற்காது. எனக்கு அது சரியான விதியாகத்தான் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

எந்தத் தேர்தல், எந்த வேட்பாளர் என்று சொல்ல மாட்டேன். ஆட்கள் மாறுவார்கள், இடங்கள் மாறாது. முதலாமவரைப் பற்றி நம் ஆட்களுக்கு நல்லதோ கெட்டதோ எந்த அபிப்பிராயமும் இல்லை. இரண்டாமவரின் பெயரைக் கேட்டாலே நம் ஆட்கள் வானொலியின் சத்தத்தைக் குறைப்பார்கள். மூன்றாமவரை அந்த முறை எல்லாருக்கும் திடீரென்று பிடித்துப் போயிருந்தது.

சீட்டு எடுக்க மூன்று பேர் வந்தார்கள். ஆஹென் நகரில் ஆராய்ச்சி செய்யும் வினோதினி, மதுரைப் பிள்ளை. "சார், எனக்கு மூணு பேரையும் ஈக்வலா தெரியாது. அதனால நான் ஃபுல் நியூட்ரல்" என்று சொல்லிக்கொண்டே முதலாமவரை எடுத்தார். அவர் பேசியதைப் பற்றி இன்றுவரை ஒருவரும் ஒரு குறையும் சொன்னதில்லை. ஒருவரும் கவனிக்கவில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

அடுத்தவர் குகன். பொதி விநியோக வாகனம் ஓட்டுபவர், நல்ல குரல். அவருக்கு மூன்றாமவர் வந்தார். குகனுக்கு மூன்றாமவரைக் கண்ணில் காட்ட முடியாது. அந்த ஆள் சுத்த வாய்வீச்சு என்று எனக்கு எத்தனையோ தேநீர் இடைவேளைகளில் ஆதாரத்தோடு விளக்கியவர். சீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஆனாலும் விதி விதிதான் என்று சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தது சாந்தா அக்கா. முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்பவர். அதிகம் கதைக்க மாட்டார், ஒலிவாங்கிக்கு முன்னால் மட்டும் கதைப்பார். அவருக்கு இரண்டாமவர் வந்தார். அந்தச் சீட்டு யாருக்கு வந்தாலும் நான் கேட்டிருப்பேன், மரியாதைக்காகக் கேட்டேன்.

"சாந்தா, வேண்டாமெண்டா திருப்பிப் போடலாம்."

"இல்லை அண்ணை. இது என்னட்டையே இருக்கட்டும்" என்றார்.

நான் அதை அவருடைய கடமையுணர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி நடந்தது. சாந்தா பேசியதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, மருந்துச்சீட்டு வாசிப்பதுபோல வாசித்தார். "அவர் ஒருவரை ஒருமுறை கண்டால் பெயரை மறக்கமாட்டார். கண்டவருடைய தாயின் பெயரையும் மறக்கமாட்டார். வந்தவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசமாட்டார். தன் வாசலுக்கு வந்தவரை நிற்கவைத்துக் கதைக்கமாட்டார். குரலை உயர்த்தமாட்டார். ஒன்றைச் செய்வதில்லை என்று முடிவெடுத்தால் யார் வந்து நின்று கேட்டாலும் செய்யமாட்டார்." இப்படியே போனது. ஒரு இடத்தில்கூட 'நினைக்கிறேன்' வரவில்லை. ஒரு வேட்பாளரின் பலத்தை இவ்வளவு துல்லியமாக யாரும் நம் நிலையத்தில் சொன்னதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகு செய்தி, அதற்குப் பிறகு பலவீனம் வந்திருக்க வேண்டும். தேர் வந்தது.

அன்று பக்கத்து நகரத்து அம்மன் கோயிலில் தேர்த்திருவிழா. தேர் இருப்பிடத்தை விட்டு வெளிக்கிட்டதும் நேரடி ஒலிபரப்புக்கு மாறுவதாக நிலையத் தலைவர் கோயிலுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அந்தத் தேர் சொன்ன நேரத்துக்கு வெளிக்கிட்டதை நான் என் அனுபவத்தில் கண்டதில்லை. எப்படியும் நிகழ்ச்சி முடிந்து சாப்பிட்ட பிறகுதான் வரும் என்று கணக்குப் போட்டிருந்தோம். ஆனால் அந்த வருடம் வீதியை மறிக்கக் காவல்துறை ஒரு நேரம் எழுதிக் கொடுத்திருந்தது. இரண்டு பொலிசார் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி தேருக்கு முன்னால் நின்றார்களாம். அம்மன் ஜெர்மன் நேரத்துக்கு வெளியே வந்தார்.

செய்தி முடிந்ததும் நாதஸ்வரம் காதில் விழுந்தது. எனக்கு அவகாசம் அந்த ஒரு மூச்சுதான். "பலவீனங்கள் அடுத்த ஞாயிறு இதே நேரம்" என்று சொன்னேன். சொன்னது உண்மை, பதிவிலும் இருக்கிறது. தவில்காரர் அந்தச் சமயம் பார்த்து முழு வேகத்தில் இறங்கியிருந்ததால் நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். பலத்தையும் பலவீனத்தையும் ஒரே மூச்சில் கேட்டால் மனிதன் நிறுத்துப் பார்ப்பான். பலத்தை மட்டும் கேட்டு ஒரு கிழமை இருந்தால் அவன் நிறுப்பதில்லை, பேசியவரை எந்தப் பக்கம் சேர்ப்பது என்றுதான் பார்க்கிறான்.

திங்கள் காலை குகன் தமிழ்க்கடைக்கு மிளகாய்த்தூள் வாங்கப் போயிருக்கிறார். கடைக்காரர் அவரைக் கட்டிப்பிடித்து ஒரு பெட்டி மாம்பழம் கொடுத்துவிட்டார். மூன்றாமவருக்காக இப்படி மனம் திறந்து பேச நெஞ்சில் துணிவு வேண்டும் என்றாராம். பின்னேரம் விளையாட்டுக் கழகத்தார் வந்து பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தில் குகனின் முகம் பல்லு வலிக்காரனின் முகமாக இருந்தது. ஆனால் பொன்னாடையைக் கழற்றவில்லை.

சாந்தா பேசியதை யாரோ வெட்டி எடுத்து, அதை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். மத்தியானத்துக்குள் அது எனக்கே நாலு பக்கத்தாலும் வந்து சேர்ந்தது. கூடவே வந்த குறிப்புகளை இங்கே சொல்ல மாட்டேன். 'விலைபோனவள்' என்பது அவற்றில் மரியாதையானது.

அந்தச் சனிக்கிழமை சாந்தாவின் மகள் மதுராவுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம். இங்கே பிறந்து வளர்ந்த உங்களுக்கு அது என்னவென்று விளக்கத் தேவையில்லை. பிள்ளை நடக்கத் தொடங்கிய கொஞ்சக் காலத்திலிருந்து ஆடப் பழகியது. நகரசபை மண்டபம் போன வருடமே பதிவு செய்தாயிற்று. மிருதங்கக்காரர் சுவிசிலிருந்து வருகிறார். சாப்பாடு சொல்லியாயிற்று. நாம் ஒருவர் வீட்டு விழாவுக்கு ஒருவர் போவதென்பது இங்கே பாசம் மட்டும் இல்லை. நீ வந்தாய், நான் வந்தேன், அதனால் நாம் இரண்டு பேரும் இந்தக் குளிர் நாட்டில் தனியே இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. அதனாலேயே, போகாமல் விடுவதைவிடப் பெரிய தண்டனை நம்மிடம் வேறு இல்லை. அங்கே வாக்குப் போட முடியாத எங்கள் ஆட்கள் தங்கள் வாக்கை சாந்தாவின் மண்டபத்தில் போடத் தீர்மானித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை தொடக்கம் தொலைபேசிகள் வந்தன. ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. எல்லாரும் மிகவும் அன்பாக, சனிக்கிழமை பின்னேரம் தங்களுக்கு ஒரு டேர்மின், முன்னரே குறித்த சந்திப்பு, இருப்பதாகச் சொன்னார்கள். சனிக்கிழமை பின்னேரம் ஜெர்மனியில் வைத்தியரும் இல்லை, வங்கியும் இல்லை, எந்தக் கந்தோரும் அலுவலகமும் திறந்திருப்பதில்லை. ஆனாலும் எல்லாருக்கும் டேர்மின் இருந்தது.

பிரதம விருந்தினராக வருவதாக இருந்தவர் நம் நிலையத் தலைவர். அவர் டேர்மின் என்று சொல்லவில்லை. "நிலையத்தின்ரை நடுநிலையை யோசிச்சு நான் வராமல் விடுறதுதான் சரி" என்று சாந்தாவிடம் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"நீர் ஒரு அறிவித்தல் போடும். அது அவவின்ரை சொந்தக் கருத்து, நிலையத்துக்குச் சம்பந்தமில்லை எண்டு."

"அது அவவின்ரை சொந்தக் கருத்து இல்லையே. சீட்டு விழுந்தது."

"அது எங்களுக்குத் தெரியும். சனத்துக்குத் தெரியாதுதானே."

"சனத்துக்குத் தெரியாதெண்டதுக்காக நாங்கள் பொய் சொல்லலாமோ?"

"பொய் இல்லை, விளக்கம்" என்றார் தலைவர்.

நான் முடியாது என்றேன். அவர் கோபித்துக்கொண்டு, இரண்டு நாளில் நான் ஏதாவது செய்யாவிட்டால் தானே ஒலிவாங்கியில் வந்து சொல்வதாகச் சொன்னார். அவர் ஒலிவாங்கியில் வந்தால் என்ன நடக்கும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். பொங்கல் வாழ்த்தையே மன்னிப்புக் கேட்பதுபோலச் சொல்லும் மனிதர்.

எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. சீட்டு விசயத்தை வெளியே சொல்லிவிடலாம். சாந்தா தப்புவார். ஆனால் 'நிறுவை' அன்றோடு முடியும், குகனும் முடிவார். குகன் வாகனத்தை நிறுத்திவிட்டு என்னிடம் ஓடி வந்தார். "அண்ணை, சீட்டெண்டு சொல்லிப் போடாதேங்கோ. நான் பொன்னாடை வாங்கிட்டன். மாம்பழத்தையும் பிள்ளையள் சாப்பிட்டுட்டுதுகள்" என்றார். மற்ற வழி, புதன்கிழமையே ஒரு சிறப்பு நிகழ்ச்சி போட்டு பலவீனத்தைச் சொல்லிவிடுவது. சாந்தா இரண்டாமவரை நாலு கிழி கிழித்தால் போதும், வியாழக்கிழமை எல்லாருடைய டேர்மினும் ரத்தாகிவிடும். இதில் ஒருவருக்கும் நட்டமில்லை. இப்படி ஒருவருக்கும் நட்டமில்லாத வழி கிடைத்த சந்தோசத்தில் நான் சாந்தாவின் வீட்டுக்குப் போனேன்.

அவர் காலை வேலை முடித்து வந்து, சமையலறை மேசையில் விருந்தினருக்குக் கொடுக்கும் சிறு பைகளுக்குள் குங்குமச்சிமிழும் கற்கண்டும் போட்டுக்கொண்டிருந்தார். வர முடியாது என்று சொன்னவர்களின் பைகளையும் சேர்த்துத்தான் போட்டுக்கொண்டிருந்தார். மதுரா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"அம்மா, ஆக்கள் வராட்டி நான் வெறுங்கதிரையளுக்கே ஆடுறது?"

"ஓம். கதிரைக்கும் ஒழுங்கா ஆடு" என்றார் சாந்தா.

பிள்ளை உள்ளே போனதும் நான் என் திட்டத்தைச் சொன்னேன். அவர் கற்கண்டை அள்ளிய கையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஞாயிறு எண்டு சொன்னனீங்கள் அண்ணை. ஞாயிறே சொல்லுறன்."

"ஞாயிறு சொல்லி என்ன பலன், சாந்தா? சனிக்கிழமை முடிஞ்சிடும்."

"என்ரை பிள்ளையின்ரை மண்டபம் நிரம்பவேணுமெண்டு நான் புதன்கிழமை வந்து அவரைத் திட்டினால், அது பலவீனம் சொல்லுறதோ? அது ஆள் சேர்க்கிறது. பேந்து நான் சொல்லுற எதை ஆர் நம்புறது?"

"அப்ப சீட்டைப் பற்றிச் சொல்லுறன். நீர் விரும்பிச் சொல்லேல்லை எண்டாவது விளங்கட்டும்."

அவர் முதல் தடவையாகக் கோபமாக என்னைப் பார்த்தார். "நான் விரும்பித்தான் சொன்னனான். ஒரு வசனமும் நடிக்கேல்லை. நீங்கள் சீட்டைத் திருப்பிப் போடச் சொல்லவும் நான் ஏன் குடுக்கேல்லை எண்டு யோசிக்கேல்லையே?"

யோசிக்கவில்லை என்றேன்.

"சண்டைக் காலத்திலை என்ரை அண்ணனைப் பிடிச்சுக்கொண்டு போனவை. அப்ப நான் பேசின அந்த மனுசன் அரசாங்கத்திலை ஒரு பதவியிலை இருந்தவர். நானும் அம்மாவும் மனுக் கொண்டு போனனாங்கள். ரெண்டாந்தரம் போகேக்கை, கடதாசித் துண்டைப் பாக்காமல் அம்மாவின்ரை பேரைச் சொல்லி, இருங்கோ அம்மா எண்டவர். தேத்தண்ணி தந்தவர். அம்மா அழுது முடியுமட்டும் குறுக்கை ஒரு சொல்லுச் சொல்லேல்லை. எல்லாத்தையும் கேட்டவர். அண்ணன் வரேல்லை." அவர் ஒரு பையைக் கட்டி ஓரமாக வைத்தார். "எங்கடை ஆக்கள் அந்தாளை மடையன் எண்டு சொல்லிச் சொல்லித்தான் ஒவ்வொருமுறையும் ஏமாறுறவை. நான் என்ரை அண்ணனை ஒரு மடையனிட்டைப் பறிகுடுக்கேல்லை, அண்ணை. அவரின்ரை பலத்தை என்னைவிட ஆர் சொல்லுறது?"

இத்தனை வருடம் பக்கத்து ஒலிவாங்கியில் இருந்தவர். அவருக்கு ஒரு அண்ணன் இருந்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நானும் கொஞ்ச நேரம் பைகளுக்குள் கற்கண்டு போட்டேன். எழும்பி வரும்போது, தலைவர் ஒலிவாங்கிக்கு வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் வந்தால் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்கு ஒருவருமே வரமாட்டோம் என்று தலைவரிடம் சொன்னேன். அவருக்கு வேறு அறிவிப்பாளர்கள் இல்லை. அதனால் அவருக்கு அது விளங்கியது.

நீங்கள் இனிமேல் ஒலிவாங்கியில் ஒருவருடைய பலத்தைச் சொல்லும்போது சனம் அதைப் புகழ்ச்சி என்றுதான் எடுக்கும். அதை நீங்கள் தடுக்க முடியாது. ஆனால் உங்களுக்குள் அந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். பிடிக்காத ஆளைச் சின்னதாக்கிப் பேசுவது சுகமான வேலை. அதைக் கேட்டுவிட்டு நித்திரைக்குப் போகிறவன் மறுநாள் அந்த ஆள் வென்றதும் திகைத்துப்போய் நிற்பான். அவனை அப்படி நிற்கவிட்டதில் நமக்கும் பங்கு இருக்கிறது.

சனிக்கிழமை வந்தது. மண்டபத்தில் கதிரைகள் அழகாக வரிசையாக இருந்தன. முன்வரிசையில் முதியோர் இல்லத்தில் சாந்தாவோடு வேலை செய்யும் ஜெர்மன் பெண்கள் சேலை கட்டி, கட்டிய சேலை கழன்றுவிடுமோ என்ற பயத்தில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இல்லத்துப் பாட்டி ஒருவரைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டி வந்திருந்தார்கள். ஆஹெனிலிருந்து வினோதினி தன் ஆய்வுகூடத்து ஆட்களோடு வந்தார். ரயில் தாமதமாகி, முதல் உருப்படி முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பின்னால் வரிசை வரிசையாக வெறும் துணி போர்த்திய கதிரைகள். கடைசி வரிசையில் குகன் இருந்தார். வாகனத்தை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு வந்ததாகப் பிறகு சொன்னார்.

பிரதம விருந்தினராக சாந்தாவின் மேலதிகாரி ஜெர்மன் அம்மா மேடைக்குப் போனார். "எனக்கு இந்தக் கலை தெரியாது. இந்தச் சனிக்கிழமைக்காக வேலை அட்டவணை முழுவதையும் மாற்றி எழுதினேன். அதுதான் என் பங்கு" என்று சொல்லிவிட்டு இறங்கினார். நான் கேட்ட பிரதம விருந்தினர் உரைகளில் அதுதான் சிறந்தது.

மதுரா நல்லாய் ஆடினாள். பார்வையை எங்கே வைக்க வேண்டும் என்று ஆசிரியை சொல்லிக் கொடுத்திருந்தாரோ அங்கேயே, மண்டபத்தின் கடைசிக் கதிரைவரை, வைத்து ஆடினாள். வர்ணம் ஆடும்போது ஒரு இடத்தில் கால் தடுமாறியது. ஒருவரும் கவனிக்கவில்லை, கவனிக்கக்கூடியவர்கள் வரவில்லை. முடிந்ததும் ஜெர்மன் பெண்கள் எழுந்து நின்று வெகுநேரம் கைதட்டினார்கள். அவ்வளவு பெரிய மண்டபத்தில் அந்தச் சத்தம் போதவில்லை. எனக்கு அங்கே இருக்கவே முடியவில்லை. இருந்தேன்.

மறுநாள் 'நிறுவை'யின் இரண்டாம் பாதி. எந்தத் தேரும் வரவில்லை. அதற்கு முன் நிலையத்தை இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் கேட்டதில்லை என்று நமது இயந்திரம் காட்டியது. அந்த இயந்திரத்தை நான் நம்புவதில்லை, அன்றைக்கு மட்டும் நம்பினேன். சாந்தா எப்படி வழுக்கிப் பேசப் போகிறார் என்று பார்க்கத்தான் எல்லாரும் காத்திருந்தார்கள்.

வினோதினி பேசினார், யாரும் கவனிக்கவில்லை. பிறகு சாந்தா. பத்திரிகைகளில் வந்த இரண்டு மூன்று பலவீனங்களை அதே மருந்துச்சீட்டுக் குரலில் வாசித்தார். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"போன கிழமை நான் சொன்ன பலங்களெல்லாம் நான் அவருக்கு முன்னாலை இருந்து கண்டது. என்ரை அண்ணனைக் கேட்டு நானும் அம்மாவும் அவரிட்டைப் போனனாங்கள். அவர் அம்மாவின்ரை பேரை ஞாபகம் வைச்சிருந்தவர். தேத்தண்ணி தந்தவர். முழுக்கக் கேட்டவர். அண்ணன் வரேல்லை. அம்மாவும் இப்ப இல்லை. அவரின்ரை பலவீனம் எண்டு நான் கண்டது இதுதான். தனக்கு மட்டும்தான் ஞாபகசக்தி இருக்கெண்டு அவர் நினைக்கிறார். என்ரை நேரம் முடிஞ்சுது."

அடுத்தது குகனின் முறை. குகன் தன் தாளைப் பார்த்தார். பிறகு அதைப் பார்க்காமலேயே, எனக்கு இத்தனை வருடம் தேநீர் இடைவேளைகளில் சொன்ன அத்தனையையும் மூன்றாமவரைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னார். அன்றிலிருந்து தமிழ்க்கடையில் அவருக்கு மிளகாய்த்தூள் மட்டும்தான் கிடைக்கிறது.

அழைப்புகளுக்கான நேரம் வந்தது. பலகையில் இருந்த விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. முதல் பொத்தானை அமர்த்தினேன். ஒரு பெண் குரல். சாந்தா குரலை வைத்தே ஆளை அடையாளம் கண்டுவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. டேர்மின் சொன்னவர்களில் ஒருவர்.

"சாந்தா அக்கா, எங்களுக்கு இது ஒண்டும் தெரியாதக்கா."

"ஓம் தங்கச்சி. தெரியாதுதான்."

"நாங்கள் அவசரப்பட்டுட்டம். மனசு கேக்குதில்லை." அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தார். "பிள்ளையின்ரை அரங்கேற்றத்தை இன்னொருக்கா வையுங்கோ அக்கா. எல்லாருக்கும் நானே சொல்லுறன். மண்டபம் கொள்ளாத சனம் வரும்."

குகன் காதிலிருந்த கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் குனிந்துகொண்டார். நான் பாட்டுப் போடலாமா என்று கையால் கேட்டேன். சாந்தா வேண்டாம் என்று தலையசைத்தார்.

"அரங்கேற்றம் ஒருக்காத்தான் தங்கச்சி" என்றார்.

பிறகு என் கையை விலக்கிவிட்டு, எரிந்துகொண்டிருந்த அடுத்த விளக்கின் பொத்தானைத் தானே அமர்த்தினார்.

"அடுத்த நேயர், வணக்கம். சொல்லுங்கோ."